இருட்டில் வருவது யார்? மக்காச்சோளக் காட்டுக்கு ஒரு கேமரா காவல்

பன்றியா, மானா, பக்கத்து ஊர் மாடா? ராத்திரியில் பயிரை அழிப்பது யார் என்று தெரிந்தால்தான் காப்பாற்ற வழி பிறக்கும். 'நைட் விஷன்' கருவிகளில் எது சம்சாரிக்கு உதவும், எது காசுக்குக் கேடு?

மார்கழி பிறந்துவிட்டால் விளாத்திகுளம் வட்டாரத்துச் சம்சாரிகளுக்குப் படுக்கை வீட்டில் இல்லை, காட்டில்தான். புரட்டாசியில் ஊன்றிய மக்காச்சோளம் கதிர் வாங்கிப் பால் பிடித்து நிற்கும் நேரம் அது. விதை, உரம், களையெடுப்புக் கூலி, படைப்புழுவுக்கு அடித்த மருந்து என்று போட்ட பணமெல்லாம் கதிரில் ஏறி நிற்கும். அந்த வாசத்துக்குக் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்துவிட்டால் ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும். தின்பது கொஞ்சம், தட்டையைச் சாய்த்து மிதித்துப் போடுவதுதான் அதிகம்.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என்று கரிசல் மானாவாரி முழுக்கப் பல வருசமாக இதே பாடு. கயத்தாறு பக்கம் குருமலைக் காடு இருக்கிறது. அங்கிருந்து மானும் பன்றியும் இறங்குகின்றன என்று சொல்லலாம். விளாத்திகுளத்தைச் சுற்றி அப்படிப் பெரிய காடு எதுவும் இல்லை. இங்கே பன்றிக்குக் காடு என்பது வைப்பாற்றுப் படுகையிலும் கண்மாய்க்குள்ளும் ஓடை நெடுகிலும் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவைதான். பகலெல்லாம் அந்தப் புதரில் படுத்துக்கொண்டு, இருட்டிய பிறகு புஞ்சைக்குள் இறங்குகிறது.

தகரம் தட்டுவது, வெடி போடுவது, பழைய சேலையை வேலியாகக் கட்டுவது, கட்டில் போட்டுக் காவல் இருப்பது என்று எல்லாம் நடக்கிறது. காவலுக்குப் போகிறவர் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் நடுவில்தான் ராத்திரியைக் கழிக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு ஆபத்து உண்டு. பொறுத்துப் பார்த்துச் சலித்துப்போன சிலர், மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பொழியைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பிக்குப் பன்றி யார், தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதர் யார் என்று தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட கள்ள மின்வேலியில் 3 யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. அதே வருசம் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

இருட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் இந்தக் கம்பிக்குப் பாதிக் காரணம். எந்தப் பக்கம் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை வருகிறது என்று தெரியாதபோது நாலு பக்கமும் கம்பி கட்டத் தோன்றுகிறது. அதனால்தான் "அண்ணாச்சி, நைட் விஷன் கேமரா ஒண்ணு வாங்கி மாட்டினா என்ன?" என்ற கேள்வி இப்போது ஊருக்கு ஊர் எழுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெயரில் கடையில் கிடைப்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை.

நம் கண்ணுக்கு எவ்வளவு முடியும்?

முதலில் காசில்லாத கருவி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் நம் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். பழகிய கண்ணை ஒரு தடவை செல்போன் வெளிச்சத்தில் காட்டினால் போச்சு, திரும்ப முதலிலிருந்துதான். காவலுக்கு இருப்பவர் டார்ச் கண்ணாடி மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் பழகிய பார்வை அவ்வளவாகக் கெடாது. 'இரவுப் பார்வைக் கண்ணாடி' என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். அது வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுக்கத்தான் செய்யும். இருட்டில் கூடுதலாக எதையும் காட்டாது.

டார்ச் அடித்துக் கண் மின்னுவதைப் பார்த்து விலங்கைக் கண்டுபிடிப்பது நம் ஊர்ப் பழக்கம். மான், நரி, நாய், பூனை, மாடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால் கண் மின்னுகிறது. பன்றி இனத்துக்கு அந்தப் படலம் கிடையாது. டார்ச் அடித்து, "ஒரு கண்ணும் மின்னலை, காடு சும்மாத்தான் கிடக்கு" என்று திரும்பிப் படுத்தவர் விடியலில் வந்து பார்த்தால் அரை ஏக்கர் சாய்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டில் பார்க்க மூன்று வழி

கருவி எதுவானாலும், எந்தப் பெயரில் விற்றாலும், வேலை செய்வது இந்த மூன்று வழிகளில் ஒன்றில்தான்.

முதல் வழி, இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்குவது. பௌர்ணமி நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்கு. அமாவாசையில் நட்சத்திர வெளிச்சம் மட்டும்தான். அந்தத் துளி வெளிச்சத்தை ஒரு குழாய்க்குள் வாங்கி, எலெக்ட்ரானாக மாற்றி, பல ஆயிரம் மடங்கு பெருக்கி, மறுபடியும் திரையில் வெளிச்சமாகக் காட்டுவதுதான் ராணுவத்தார் வைத்திருக்கும் நைட் விஷன். திரை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், பச்சை நிறத்தின் ஏற்ற இறக்கங்களை நம் கண் நன்றாகப் பிரித்தறியும் என்பது. நம் நாட்டில் டேராடூனில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கருவியியல் ஆய்வகம் இந்தத் துறையில் வேலை செய்கிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மசூலிப்பட்டினம் தொழிற்சாலையில் ராணுவத்துக்கான இரவுப் பார்வைக் கருவிகள் தயாராகின்றன.

இரண்டாவது வழி, நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நாமே அடிப்பது. அகச்சிவப்பு விளக்கு போட்டால் மனிதக் கண்ணுக்கு இருட்டு இருட்டாகவே இருக்கும். கேமராவுக்கு மட்டும் பகல் போலத் தெரியும். தெருவில், கடையில் மாட்டியிருக்கும் சிசிடிவி ராத்திரியில் கறுப்பு வெள்ளையாகப் படம் காட்டுவது இப்படித்தான். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் ஊதா வெளிச்சம் மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

மூன்றாவது வழி, உடம்புச் சூட்டைப் பார்ப்பது. இதுதான் 'தெர்மல்' கேமரா. இதற்கு எந்த வெளிச்சமும் வேண்டாம். சூடான உடம்பு குளிர்ந்த பின்னணியில் தனியாகத் தெரியும். கரிசல் மண் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதால், வெயில் காலத்தில் முன்னிரவில் மண்ணுக்கும் விலங்குக்கும் வித்தியாசம் குறையும். பின்னிரவில், விடியலுக்கு முன்னால் படம் தெளிவாக இருக்கும். ஆனால் அடர்ந்த மக்காச்சோளத்துக்குள் புகுந்துவிட்ட பன்றியைத் தெர்மலும் காட்டாது. இலையைத் துளைத்துப் பார்க்கும் கருவி இல்லை அது.

கேமராவில் மாட்டும் நைட் விஷன்

இப்போது சின்ன ஊர் ஸ்டூடியோவில்கூட லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா இருக்கிறது. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் அதே கேமராவை ராத்திரிக் காவலுக்குப் பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், மூன்று விதமாக.

ஒன்று, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வெளிச்சம் பெருக்கும் குழாயை மாட்டுவது. 'ஆஸ்ட்ரோஸ்கோப்' என்ற பெயரில் கேனான், நிக்கான் கேமராக்களுக்கு இப்படி இணைப்புகள் வந்தன. முன்னால் வழக்கமான லென்ஸ், நடுவில் குழாய், பின்னால் கேமரா. குழாயின் திரையில் விழும் படத்தைக் கேமரா எடுத்துக்கொள்ளும். போலீஸ், எல்லைக் காவல், காட்டுயிர்ப் படம் எடுப்பவர்கள் ஆகியோருக்கான சரக்கு இது. நல்ல குழாய்க்கு லட்சக்கணக்கில் விலை. பலமான வெளிச்சம் பட்டால் குழாய் கெட்டுப்போகும் என்பதால் பகலில் கண்டபடி கையாள முடியாது. உயர்தரக் குழாய்களை அமெரிக்கா ராணுவத் தளவாடக் கணக்கில் வைத்திருப்பதால் அங்கிருந்து நினைத்தபடி வாங்கிவரவும் முடியாது. சம்சாரிக்கு இது தேவையில்லை.

இரண்டு, குழாயே இல்லாமல் நல்ல லென்ஸை மாட்டுவது. கேமராவோடு வரும் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 5.6 வரை போகும். எஃப் 1.8 என்று போட்ட 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். லென்ஸ் வகைகளில் விலை குறைந்ததும் இதுதான். அதோடு கேமராவின் ஐஎஸ்ஓ அளவைக் கூட்டினால் நிலா வெளிச்சத்தில் ஓடையோரம் நிற்கும் உருவத்தை அடையாளம் காணலாம். கேனான் நிறுவனம் 2015-ல் ஐஎஸ்ஓ 40 லட்சத்துக்கு மேல் போகும் ஒரு வீடியோ கேமராவை அறிவித்தது. அதன் விலை 30,000 டாலர். வெளிச்சத்தைப் பெருக்கும் வேலையைக் கேமரா சில்லே செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

மூன்று, பழைய கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றுவது. கேமராச் சில்லுக்கு அகச்சிவப்பு தெரியும். ஆனால் பகலில் நிறம் கெடக்கூடாது என்று அதன் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, அகச்சிவப்பு விளக்கு போட்டால் அதுவே ராத்திரிக் கேமரா. இதில் இரண்டு விசயங்களைக் கவனிக்க வேண்டும். மாற்றிய கேமராவில் பிறகு கல்யாணப் படம் எடுக்க முடியாது, புடவை நிறமெல்லாம் மாறிவிடும். அகச்சிவப்பில் ஃபோகஸ் கொஞ்சம் தள்ளி விழும். பழைய லென்ஸ்களின் மேல் இருக்கும் சிவப்புப் புள்ளியோ கோடோ அதற்கான அடையாளம்தான். தொழிலுக்கு வைத்திருக்கும் கேமராவை இதற்காகப் பிரிக்க வேண்டாம்.

பெரிய இடத்தில் பெரிய கருவி

பெரிய கருவி எங்கே பொருந்தும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது தொடர்ந்து நடந்தது. 2021 நவம்பரில் ஒரே ரயிலில் 3 யானைகள் அடிபட்டுச் செத்தன. அதன் பிறகு வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்கள் அமைத்து 24 தெர்மல் கேமராக்களை மாட்டியது. 2024 பிப்ரவரியில் இது செயல்பாட்டுக்கு வந்தது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் அனுப்பும். அங்கே ஒரு யானையின் உயிரும் ரயில் பயணிகளின் உயிரும் கணக்கில் இருப்பதால் அந்தச் செலவு தகும். 3 ஏக்கர் மானாவாரிக்கு அந்த வழி ஒத்துவராது.

சம்சாரிக்குப் பொறிக் கேமரா

கரிசல் காட்டுக்குப் பொருத்தமானது, மரத்தில் கட்டிவிட்டு வரும் தானியங்கிக் கேமரா. வனத்துறையில் 'கேமரா டிராப்' என்பார்கள். கடையில் 'டிரெயில் கேமரா' என்று கேட்க வேண்டும். உள்ளே அகச்சிவப்பு விளக்கு, சூடறியும் சென்சார், மெமரி கார்டு, பென்சில் பேட்டரி, எல்லாம் ஒரே பெட்டியில். சூடான உடம்பு ஒன்று முன்னால் நகர்ந்தால் தானாகவே படம் எடுத்து, தேதியும் நேரமும் பதித்து வைக்கும். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துக்கொண்டால் ஆளுக்குச் சில நூறுகளில் முடியும்.

இது புதுசும் இல்லை. 1920களிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வடநாட்டு இமயமலை அடிவாரக் காடுகளில் தரையில் கம்பி கட்டி, புலி அதைத் தட்டியதும் வெளிச்சம் அடித்துப் படமாகும்படி செய்தார். இன்றைக்கு நாட்டின் புலிக் கணக்கெடுப்பே இந்தக் கேமராவில்தான் நடக்கிறது. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தது கின்னஸ் சாதனையாகப் பதிவானது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விசயம் அகச்சிவப்பு விளக்கின் வகை. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு வெளியே தெரியாது, ஆனால் தூரம் குறைவு. ஆள் நடமாட்டம் உள்ள வண்டிப்பாதை ஓரம் வைப்பதானால், திருட்டுப் போகாமல் இருக்க 940 நல்லது. 'முழு இருட்டில் 300 மீட்டர் தெரியும்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். பொறிக் கேமராவுக்கு 15, 20 மீட்டர் கிடைத்தாலே நிறைவு.

கட்டும் முறை

காட்டின் நடுவில் கட்டாதீர்கள். ஓடை புஞ்சையைத் தொடும் இடம், பொழியில் உடைந்த சந்து, வேலிக்கருவைப் புதரின் வாய், தண்ணீர் தேங்கிய குட்டையோரம் ஆகியவைதான் பன்றியின் வாசல்கள். பகலில் போய்க் கால்தடம், கிண்டிய மண், உடம்பு உரசிச் சேறு அப்பிய மரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

பன்றிக்கு முழங்கால் உயரம் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடியில் கேமராவைக் கட்டலாம். தடத்துக்குக் குறுக்கே பார்க்காமல், தடம் நெடுகிலும் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தால் வேகமாக ஓடினாலும் படத்தில் சிக்கும். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலை, மாலை வெயில் நேராக அடித்துப் படம் வீணாகும். வடக்கு அல்லது தெற்கு பார்த்து வையுங்கள். முன்னால் ஆடும் புல்லையும் தட்டையையும் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் ராத்திரியில் ஆயிரம் படம் எடுத்து ஒன்றிலும் விலங்கு இருக்காது, பேட்டரியும் தீர்ந்துவிடும்.

கட்டி முடித்ததும் தேதி, நேரம் சரிதானா என்று பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து நடந்து சோதனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும் கம்பியால் மரத்தோடு பிணையுங்கள். பிறகு தினம் போய் நோண்டாமல், மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை கார்டை எடுத்துப் பார்த்தால் போதும். பன்றிக்குக் கண்பார்வை சுமார்தான், மோப்பம் அதிகம். மனித வாசம் அடிக்கடி பட்டால் அது பாதையை மாற்றிவிடும்.

ஊர்க்கட்டுப்பாடாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் ஒதுங்கப் போகும் ஓடைப் பக்கமோ, பொதுப்பாதையோ, அடுத்தவர் வீட்டு வாசலோ படத்தில் விழும்படி கேமராவை வைக்கக் கூடாது. கேமரா கட்டியிருப்பதைப் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் கட்டக் கூடாது.

படம் என்ன சொல்கிறது?

ஒரு வாரத்துப் படத்தை நேர வரிசையில் அடுக்கினாலே பாதிப் புதிர் அவிழும். விடியற்காலையில் வருவது மயிலாக இருக்கும். முன்னிரவிலும் விடியலிலும் தலை நீட்டுவது புள்ளிமானாக இருக்கலாம். நடுச்சாமத்தில் தாயும் குட்டியுமாக வரிசையாக வந்தால் பன்றிக் கூட்டம். தனியாக வருவது பெரும்பாலும் கிடாப்பன்றி. சில சமயம், ராத்திரியில் அவிழ்த்துவிட்ட மாடு கதிரைக் கடித்துக்கொண்டு நிற்பதும் படத்தில் வரும். பன்றி மேல் போட்ட பழி அப்போது நீங்கும். பேச வேண்டிய ஆள் வேறு என்று தெரியும்.

நேரம் தெரிந்தால் காவல் குறையும். கூட்டம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள்தான் வருகிறது என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டாம். வாசல் தெரிந்தால் செலவு குறையும். நாலு பக்கமும் வேலி போடுவதற்குப் பதில் அந்த ஒரு பக்கத்தைக் கெட்டியாக அடைக்கலாம், அங்கே மட்டும் விளக்கும் சத்தமும் வைக்கலாம், அந்த ஓடைக்கரை வேலிக்கருவையை ஊர் கூடி அகற்றலாம். சூரியசக்தி வேலி போடுவதானால், பி.ஐ.எஸ். தரமுள்ள, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் கருவியோடு, விதிப்படி பதிவு செய்துதான் போட வேண்டும்.

படமே சாட்சி

காட்டுப்பன்றி தொடர்பாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால், பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். கவனிக்க வேண்டியது கடைசி வரிதான். சுடும் உரிமை வனத்துறைக்கு மட்டும்தான், நிலத்துக்காரருக்கு இல்லை. நாட்டுவெடியோ கண்ணியோ கம்பியோ வைத்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும்.

காப்புக்காட்டுக்கு வெகுதூரத்தில் இருக்கும் விளாத்திகுளம் பக்கத்து ஊர்களுக்கு இந்த முடிவு நேரடியாகப் பொருந்தும். ஆனால் மனுக் கொடுக்கும்போது 'பன்றி வருகிறது' என்ற வாய்ச்சொல்லுக்கும், தேதி நேரத்தோடு பத்து நாள் படத்தைக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எத்தனை பன்றி, எந்தப் புதரிலிருந்து, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால் வனத்துறை வேலையும் சுலபமாகும்.

பயிர்க் காப்பீட்டிலும் படத்துக்கு மதிப்பு வருகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காட்டு விலங்கு அழிக்கும் பயிரையும் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறை என்றும், எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும் என்றும், சேதமான 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில் இடக்குறிப்புள்ள படத்தோடு தகவல் தர வேண்டும் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. நம் மாவட்டத்துக்கும் பயிருக்கும் பொருந்துமா என்பதை, பிரீமியம் கட்டும் முன்பே வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பொறிக் கேமராவில் இடக்குறிப்பு பதியாது. அதனால் சேதமான விடியலிலேயே செல்போனில் லொகேஷனை இயக்கிவிட்டு, சாய்ந்த பயிர், கால்தடம், புஞ்சையின் எல்லை மூன்றும் விழும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரிப் படம் யார் வந்தது என்பதற்குச் சாட்சி; காலைப் படம் எங்கே, எவ்வளவு என்பதற்குச் சாட்சி.

கேள்வியும் பதிலும்

கேள்வி: செல்போனில் 'நைட் விஷன்' செயலி இறக்கினால் இருட்டில் தெரியுமா?

பதில்: தெரியாது. செயலி திரையைப் பச்சையாக்கிக் காட்டும், அவ்வளவுதான். போனில் இருக்கும் 'நைட் மோட்' வேறு. அது சில நொடிகள் படத்தைச் சேர்த்து வெளிச்சமாக்கும். அசையாத பொருளுக்குச் சரி, ஓடும் பன்றிக்கு உதவாது.

கேள்வி: வீட்டுக்கு மாட்டும் வைஃபை கேமராவைக் காட்டில் வைக்கலாமா?

பதில்: கிணற்று மோட்டார் அறை அருகே மின்சாரமும் சிக்னலும் இருந்தால் வைக்கலாம். சிம் கார்டும் சோலார் பலகையும் உள்ள கேமராவும் கிடைக்கிறது. ஊருக்கு வெளியே சிக்னல் எப்படி என்று முதலில் அந்த இடத்தில் நின்று போனில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் கேமரா சரியாக வேலை செய்யவில்லை. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. சென்சார், விலங்கின் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மண்ணும் பாறையும் உடம்பளவு சுட்டுக் கிடக்கும்போது அதற்கு வித்தியாசம் தெரியாது. கார்த்திகை, மார்கழி, தை மாதக் குளிரில் நன்றாக வேலை செய்யும். நமக்குத் தேவையும் அப்போதுதான்.

கேள்வி: கேமரா விளக்கைப் பார்த்துப் பன்றி ஓடிவிடுமா?

பதில்: அகச்சிவப்பு விளக்குக்குப் பயந்து ஓடும் என்று நம்பிக் கேமரா வாங்க வேண்டாம். கேமரா காட்டும், விரட்டாது. விரட்டும் வேலையை வேலியும் விளக்கும் ஆளும்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: காவலுக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

பதில்: முழங்கால் வரை மறைக்கும் ரப்பர் பூட்ஸ், டார்ச், ஒரு கம்பு, சார்ஜ் உள்ள போன். தரையில் படுக்காமல் கட்டிலிலோ பரணிலோ படுங்கள். பன்றி எதிரே வந்தால் வழியை விட்டு ஒதுங்குங்கள், குட்டியோடு இருக்கும் தாய் பாயும். அடுத்தவர் புஞ்சைக்குள் குறுக்கே நடக்காதீர்கள்; எந்தப் பொழியில் யார் கம்பி கட்டியிருக்கிறார் என்று இருட்டில் தெரியாது.

மார்கழிக்கு முன்னால் ஒரு வேலை

கதிர் பால் பிடித்த பிறகு கேமராவைத் தேடி ஓடுவதைவிட, பயிர் முழங்கால் உயரம் இருக்கும் ஐப்பசியிலேயே ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேமராவை ஓடை வாயில் கட்டிப் பார்க்கலாம். கூட்டம் எத்தனை, வாசல் எது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தப் படங்களை ஒரு கார்டில் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் மனுவோடு கொடுக்க நேரமும் இருக்கும். படத்தில் தெரிந்த அந்த ஒரு வாசலைக் கதிர் வருவதற்குள் அடைத்துவிட்டால், மார்கழியில் மின்கம்பத்துக் கம்பியை யாரும் தேட வேண்டியிருக்காது.